லேபிள் தாளில் எழுத்து இடம் மாறி விழுகிறதா? வேர்டு டெம்ப்ளேட்டைச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

திருவல்லிக்கேணியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தம் நெருங்கினால் பத்திரிகைக் கவர்களுக்கு முகவரி ஒட்ட லேபிள் கேட்டு வருவார்கள். மற்ற மாதங்களில் பொடி, ஊறுகாய் விற்பவர்கள், டியூஷன் சென்டர்கள், அபார்ட்மெண்ட் சங்கங்கள். பாதிப் பேர் வீட்டில் தாங்களே முயன்று, பத்துத் தாளை வீணாக்கிவிட்டுத்தான் வருகிறார்கள்.

அவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான். எழுத்து இடம் தப்பினால் உடனே கட்டத்துக்குள் போய் என்டர் தட்டுகிறார்கள், ஸ்பேஸ் தட்டுகிறார்கள், இல்லை டேபிளை மவுஸால் இழுக்கிறார்கள். ஒரு வரிசை சரியாகும், அடுத்த வரிசை கெடும். எழுத்து எங்கே விழுகிறது என்பதை மட்டும் பார்த்தால் காரணம் பிடிபடாது. அந்தப் பிசகு தாளின் மேலிருந்து கீழே போகப் போக வளர்கிறதா, இல்லை எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். தயவுசெய்து படிகளை முன்பின் மாற்ற வேண்டாம்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

லேபிள் தாள் ஒன்று, அதன் உறையோடு. மில்லிமீட்டர் கோடு தெளிவாகத் தெரியும் 30 செ.மீ. ஸ்கேல். வெற்று ஏ4 தாள் ஐந்தாறு. ஒரு பென்சில். முகவரிப் பட்டியல் எக்செல்லில் இருந்தால் அதன் நகல் ஒன்று; மூல ஃபைலில் கை வைக்காதீர்கள்.

வேர்டில் அளவுகள் அங்குலத்தில் காட்டினால் முதலில் அதை மாற்றுங்கள். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய், டிஸ்ப்ளே என்ற பகுதியில் அளவு அலகை மில்லிமீட்டர் ஆக்குங்கள். நம் ஊரில் விற்கும் தாள்களின் உறையில் மி.மீ. அளவுதான் போட்டிருக்கும். அங்குலத்துக்கு மாற்றி எழுதும்போது தசமத்தில் ஒன்றை விட்டுவிட்டால் எட்டாவது வரிசையில் அது பெரிதாகத் தெரியும்.

2. தாளை அளந்து காகிதத்தில் எழுதுங்கள்

உறையில் 64 × 34 என்று போட்டிருந்தால் அது ஒரு லேபிளின் அகல உயரம் மட்டும். டெம்ப்ளேட்டுக்கு இன்னும் நான்கு எண்கள் வேண்டும்: மேல் ஓரம், பக்க ஓரம், செங்குத்துப் பிட்ச், கிடைமட்டப் பிட்ச்.

பிட்ச் என்பதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இரண்டு லேபிளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி அல்ல அது. ஒரு லேபிளின் மேல் விளிம்பிலிருந்து அடுத்த லேபிளின் மேல் விளிம்பு வரை உள்ள தூரம்தான் செங்குத்துப் பிட்ச். அதேபோல் இடது விளிம்பிலிருந்து அடுத்ததன் இடது விளிம்பு வரை கிடைமட்டப் பிட்ச். இடைவெளி 3 மி.மீ. என்று பார்த்துவிட்டு பிட்ச் கட்டத்தில் 3 என்று போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு லேபிளை மட்டும் அளந்தால் ஸ்கேலில் அரை மி.மீ. தவறும். அதனால் முதல் லேபிளின் மேல் விளிம்பிலிருந்து எட்டாவது லேபிளின் மேல் விளிம்பு வரை அளந்து ஏழால் வகுங்கள். என் மேசையில் இப்போது இருக்கும் 24 லேபிள் தாளில் அது 238 மி.மீ.; ஏழால் வகுத்தால் 34. குறுக்கே முதல் லேபிளின் இடது விளிம்பிலிருந்து மூன்றாவதன் இடது விளிம்பு வரை 134. இரண்டால் வகுத்தால் 67. அரை மி.மீ. பிழை இருந்தாலும் வகுக்கும்போது சிறிதாகிவிடும்.

பிறகு கூட்டிப் பாருங்கள். ஏ4 தாள் 210 × 297 மி.மீ. குறுக்கே மூன்று லேபிள் 192, நடுவே இரண்டு இடைவெளி 6, இரு பக்கமும் 6, 6. மொத்தம் 210. நெடுக்கே எட்டு லேபிள் 272, மேலே 12.5, கீழே 12.5. மொத்தம் 297. கூட்டல் சரியாக வராவிட்டால் வேர்டைத் திறக்காதீர்கள், மறுபடி அளங்கள். சில தாள்களில் மேல் ஓரமும் கீழ் ஓரமும் சமமாக இருக்காது. அப்போது பாதியாகப் பிரிக்காமல் மேலே அளந்ததையே எழுதிக்கொள்ளுங்கள்.

3. டெம்ப்ளேட்டை நீங்களே உருவாக்குங்கள்

வேர்டில் மெயிலிங்ஸ், லேபிள்ஸ், ஆப்ஷன்ஸ் என்று போனால் நீளமான பட்டியல் வரும். "ஏறக்குறைய இதேதான்" என்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பாதிச் சிக்கலுக்கு வேர். அந்தப் பட்டியலில் அமெரிக்கத் தாளுக்கான எண்களும் ஏ4-க்கான எண்களும் இருக்கின்றன. ஏவரி என்ற லேபிள் நிறுவனத்தின் 5160 என்பது 30 லேபிள் கொண்ட அமெரிக்க லெட்டர் தாள். அந்தத் தாளின் அளவு 215.9 × 279.4 மி.மீ. ஏவரி எல்7160 என்பது 21 லேபிள் கொண்ட ஏ4 தாள், ஒவ்வொன்றும் 63.5 × 38.1 மி.மீ. எண்கள் பார்க்க ஒன்றுபோல இருக்கும், தாளோ வேறு. உங்கள் உறையில் எல்7160-க்குப் பொருந்தும் என்று அச்சிட்டிருந்தால் மட்டும் அதை எடுங்கள். இல்லையென்றால் நியூ லேபிள் பொத்தான்.

நியூ லேபிளில் முதலில் பேஜ் சைஸை ஏ4 ஆக்குங்கள், அப்புறம்தான் மற்ற எண்கள். பல கணினிகளில் அங்கே லெட்டர் அளவே முன்னிருப்பாக இருக்கும். 272 மி.மீ. உயர லேபிள்களும் 12.5 மேல் ஓரமும் 279.4 மி.மீ. தாளில் அடங்காது, பக்கத்தைவிட லேபிள் பெரிதாகிறது என்று வேர்டு எச்சரிக்கும். இந்த எச்சரிக்கையைப் பார்த்ததும் லேபிள் உயரத்தைக் குறைப்பவர்கள் உண்டு. குறைக்காதீர்கள். பேஜ் சைஸைத்தான் பார்க்க வேண்டும்.

எண்களைப் போட்டதும் தாளின் பெயரையே லேபிள் பெயராக வையுங்கள், எத்தனை லேபிள் என்பதையும் சேர்த்து. பிறகு நியூ டாக்குமென்ட் பொத்தானை அழுத்தினால் வெற்றுப் பக்கம்போல ஒன்று திறக்கும். உண்மையில் அது கோடு தெரியாத டேபிள். டேபிளின் லேஅவுட் தாவலில் வியூ கிரிட்லைன்ஸை இயக்கினால் கட்டங்கள் தெரியும். குறுக்கே ஒல்லியாக இரண்டு கட்டங்கள் கூடுதலாகத் தெரிந்தால் பதறி அழிக்க வேண்டாம். லேபிள்களுக்கு நடுவே உள்ள 3 மி.மீ. இடைவெளிதான் அவை.

இன்னொன்று: டேபிள் ப்ராபர்ட்டீஸ், டேபிள் தாவல், ஆப்ஷன்ஸில் உள்ளடக்கத்துக்கு ஏற்றபடி தானே அளவு மாறும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் நீளமான பெயர் ஒன்று ஒட்டியதும் அந்தப் பத்தி அகலமாகி, பக்கத்துப் பத்தியைத் தள்ளிவிடும்.

4. வெற்றுத் தாளில் அச்சிட்டு விளக்கில் பிடியுங்கள்

கட்டங்களுக்குத் தற்காலிகமாகக் கோடு போடுங்கள். எல்லாக் கட்டத்திலும் ஏதாவது ஒரு சொல் இருக்கட்டும். வெற்று ஏ4 தாளில் ஒரு பக்கம் அச்சிடுங்கள். அதை லேபிள் தாளின் மேல் வைத்து, நான்கு மூலையும் ஒன்றாகப் பிடித்து டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்குங்கள். அச்சிட்ட கோடும் லேபிளின் வெட்டுக்கோடும் ஒன்றன் மேல் ஒன்று விழுகிறதா என்று பாருங்கள்.

மேல் இடது மூலை, மேல் வலது, கீழ் இடது, கீழ் வலது என்று நான்கு இடத்திலும் எத்தனை மி.மீ., எந்தப் பக்கம் என்று பென்சிலால் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். அடுத்த படி முழுக்க இந்த நான்கு எண்களை வைத்துத்தான்.

5. பிசகு வளர்கிறதா, வளரவில்லையா?

போன மாதம் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். "அக்கா, முதல் வரிசை கரெக்டா இருக்கு. கீழ போகப் போக மேல ஏறுது. டேபிளை எவ்வளவு இழுத்தாலும் சரியாகல" என்றான். அவன் கொண்டுவந்த தாளில் கடைசி வரிசையின் பெயர் மேலே உள்ள லேபிளுக்குள் ஏறிப்போய், பின்கோடு மட்டும் தன் இடத்தில் இருந்தது. அச்சிட்ட கட்டத்தின் அகலத்தை அளந்தோம்: 62 மி.மீ. இருக்க வேண்டியது 64. டெம்ப்ளேட்டில் குற்றமே இல்லை. பிரிண்டர் தாளைச் சுருக்கி அச்சிட்டிருந்தது.

பிசகு நான்கு வகை. உங்கள் தாள் எதில் வருகிறது என்று பாருங்கள்.

நான்கு மூலையிலும் ஒரே அளவு, ஒரே பக்கம் தள்ளியிருந்தால் ஓரம்தான் தவறு. எல்லாம் 2 மி.மீ. கீழே இறங்கியிருந்தால் டெம்ப்ளேட்டின் மேல் ஓரத்தில் 2 குறைத்து, புதிய டாக்குமென்ட் எடுங்கள். பழைய டேபிளை இழுக்க வேண்டாம். இழுத்த அளவு எங்கும் எழுதிவைக்கப்படாது, அடுத்த முறை திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மேலே சரி, கீழே போகப் போக வளர்கிறது என்றால் இரண்டு காரணங்களில் ஒன்று. அகலம், உயரம் இரண்டும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருந்தால் அந்தப் பையனுக்கு நேர்ந்ததுதான். 64-க்கு 62 என்பது ஏறக்குறைய 97 சதவீதம். 272 மி.மீ. உயரத்தில் அது 8 மி.மீ. ஆகிவிடும். அகலம் சரியாக இருந்து உயரம் மட்டும் தவறினால் செங்குத்துப் பிட்ச்சில் பிழை. பிட்ச்சில் ஒரு மி.மீ. தவறினால் எட்டாவது வரிசையில் 7 மி.மீ. தள்ளும்.

சுருக்கி அச்சிடுவதை நிறுத்த மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏதாவது ஒன்றில் இயங்கினாலும் போதும், கெட்டுவிடும். ஒன்று, வேர்டின் பிரிண்ட் பக்கத்தில் கீழே இருக்கும் ஸ்கேல் டு பேப்பர் சைஸ். அது நோ ஸ்கேலிங் என்று இருக்க வேண்டும். இரண்டு, ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டில் பிரிண்ட் பகுதியில் ஏ4 அல்லது லெட்டர் தாளுக்கு ஏற்ப உள்ளடக்கத்தை மாற்றும் வசதி, டிக் எடுத்துவிடுங்கள். மூன்று, பிரிண்டரின் சொந்த ப்ராபர்ட்டீஸ். அங்கே ஃபிட் டு பேஜ் இருந்தால் நீக்கி, தாளும் ஏ4 தானா என்று பாருங்கள். பிரிண்டர் லெட்டரில் இருந்து வேர்டு ஏ4-இல் இருந்தால் உயரம் 94 சதவீதமாகச் சுருங்கலாம். பிடிஎஃப் ஆக்கி அச்சிடுபவர்கள் பிடிஎஃப் ரீடரில் ஆக்சுவல் சைஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக்குப் பென் டிரைவில் பிடிஎஃப் கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி, அல்லது சாய்வாக விழுந்தால் டெம்ப்ளேட்டைத் தொடவே வேண்டாம். தாள் ட்ரேயின் பக்கத் தடுப்புகள் தளர்ந்திருக்கும். தாளை ஒட்டி இறுக்கமில்லாமல் நகர்த்தி வையுங்கள்.

நான்காவது, லேபிள் பக்கத்துக்குப் பின் ஒரு வெற்றுப் பக்கம் வருவது. டேபிளுக்குப் பின் வேர்டு கட்டாயமாக ஒரு பாராகிராஃப் குறியை வைக்கும், அழிக்க முடியாது. டேபிள் பக்கத்தை நிறைத்துவிட்டால் அந்தக் குறி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். அதைத் தேர்ந்தெடுத்து எழுத்து அளவு 1, வரி இடைவெளி எக்ஸாக்ட்லி 1 பாயின்ட், முன் பின் இடைவெளி 0 என்று வையுங்கள். திரும்பி வந்துவிடும்.

6. முகவரி கட்டத்துக்குள் அடங்காவிட்டால்

சென்னை முகவரிகள் நீளமானவை. புது எண், பழைய எண், பிளாக், மாடி, குறுக்குத் தெரு, பிரதான சாலை, அப்புறம் பேட்டை, பின்கோடு. ஐந்து வரிக்குக் குறையாது.

34 மி.மீ. என்பது சுமார் 96 பாயின்ட். நிர்மலா யூஐ எழுத்தில் 11 பாயின்ட் அளவில் ஒரு வரிக்கு ஏறக்குறைய 14.5 பாயின்ட் உயரம் வேண்டும்; ஐந்து வரிக்கு 73. அடங்கும். ஆனால் வேர்டின் இயல்பு நடையில் ஒவ்வொரு பாராவுக்குப் பின்னும், அதாவது என்டர் தட்டிய ஒவ்வொரு வரிக்குப் பின்னும், 8 பாயின்ட் இடைவெளி இருக்கும். ஐந்துக்கு 40. மொத்தம் 113. கடைசி வரி காணாமல் போகும். எழுத்தைச் சிறிதாக்கும் முன் இந்த 8-ஐ 0 ஆக்குங்கள், வரி இடைவெளியை சிங்கிள் ஆக்குங்கள். கவரைப் பார்ப்பவர் தபால்காரர். எழுத்து பெரிதாக இருப்பது அவருக்கு உதவும்.

டேபிள் வரிசையின் உயரம் நிலையாக இருப்பதால் அதிகமாக உள்ளதைக் கட்டம் வெட்டிவிடும், நீளாது. அது நல்லதுதான். உயரத்தை "குறைந்தபட்சம்" என்று மாற்றிவிட்டால் ஒரு நீள முகவரி கீழே உள்ள எல்லா லேபிளையும் தள்ளும்.

7. எக்செல் பட்டியலை இணைக்கும்போது

கட்டங்கள் பொருந்திய பிறகுதான் இந்தப் படி. முன்பே இணைத்துவிட்டால் தவறு டெம்ப்ளேட்டிலா, பட்டியலிலா என்று தெரியாது.

முதல் வரிசையில் தலைப்புகள் இருக்கட்டும்: பெயர், எண், தெரு, பகுதி, பின்கோடு. நடுவே வெற்று வரிசை கூடாது. கதவு எண் பத்தியை, தட்டச்சு செய்யும் முன்பே டெக்ஸ்ட் வகையாக மாற்றுங்கள். இதைப் பிறகு செய்யலாம் என்று விட்டால் 27/12 என்ற புது எண், பழைய எண் டிசம்பர் 27 ஆகிவிடும். அதன்பின் டெக்ஸ்ட் ஆக்கினால் 27/12 திரும்பாது, ஐந்து இலக்க எண் ஒன்று வரும். மறுபடி தட்டச்சு செய்வதுதான் வழி. இன்னொரு ஆபத்தும் உண்டு. முதல் சில வரிசைகளில் வெறும் எண்ணாக இருந்தால், இணைக்கும்போது வேர்டு அது எண் பத்தி என்று முடிவு செய்து, பின்னால் வரும் 14ஏ போன்றவற்றைக் காலியாகவோ 0 ஆகவோ விட்டுவிடும். முழுப் பத்தியும் டெக்ஸ்ட் ஆக இருந்தால் இரண்டும் வராது.

வேர்டில் ஸ்டார்ட் மெயில் மெர்ஜ், லேபிள்ஸ், உங்கள் டெம்ப்ளேட். பிறகு செலக்ட் ரெசிபியன்ட்ஸில் எக்செல் ஃபைல். எக்செல்லை மூடிவிட்டு இதைச் செய்யுங்கள். முதல் கட்டத்தில் மட்டும் புலங்களை, அதாவது எக்செல் தலைப்புகளைக் குறிக்கும் மெர்ஜ் ஃபீல்டுகளை, வையுங்கள்; ஒவ்வொரு வரியும் என்டரால் முடியட்டும். ஷிஃப்ட் என்டர் தட்டினால் காலியான புலத்தின் வரி வெற்று இடமாக அப்படியே நிற்கும். என்டர் தட்டினால் அந்த வரி தானே மறைந்துவிடும்.

இப்போது அப்டேட் லேபிள்ஸ். இந்தப் பொத்தானை மறந்தால் முதல் லேபிளில் மட்டும் முகவரி இருக்கும், மற்றவை காலி. முதல் கட்டத்தைக் கையால் காப்பி செய்து மற்றவற்றில் ஒட்டினால் 24 லேபிளிலும் ஒரே ஆள் பெயர் வரும். ஏனென்றால் இரண்டாவது கட்டத்திலிருந்து நெக்ஸ்ட் ரெக்கார்ட் என்ற குறி இருக்க வேண்டும். அதைச் சேர்ப்பது அப்டேட் லேபிள்ஸ்தான். முதல் கட்டத்தில் அந்தக் குறி இருக்கக் கூடாது. இருந்தால் பட்டியலின் முதல் ஆள் விடுபடுவார். கல்யாணப் பட்டியலில் முதல் பெயர் பெரும்பாலும் வீட்டுப் பெரியவருடையது. அவருக்குப் பத்திரிகை போகாமல் இருப்பது சின்ன விஷயமில்லை, அதனால் முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் ப்ரிவ்யூவில் பார்த்துவிட்டு அச்சிடுங்கள்.

முதல் கட்டத்தில் எழுத்து வகையையோ அளவையோ மாற்றினால் மறுபடி அப்டேட் லேபிள்ஸ் அழுத்த வேண்டும். முடிந்ததும் நேராகப் பிரிண்டருக்கு அனுப்பாமல், ஃபினிஷ் அண்ட் மெர்ஜில் எடிட் இண்டிவிஜுவல் டாக்குமென்ட்ஸ் எடுத்து ஒருமுறை உருட்டிப் பாருங்கள்.

8. தமிழ் எழுத்து மட்டும் அடம்பிடித்தால்

ஆங்கிலப் பெயர் 11-இல் வருகிறது, தமிழ்ப் பெயர் அளவு மாறமாட்டேன் என்கிறது என்பார்கள். வேர்டு தமிழைக் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் வகையாகத் தனியே வைத்திருக்கிறது. கண்ட்ரோல் டி அழுத்தினால் வரும் பெட்டியில் அதற்கெனத் தனி எழுத்துரு, தனி அளவு இருக்கும். அங்கே மாற்றுங்கள். அந்தப் பகுதியே தெரியாவிட்டால் ஃபைல், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜில் தமிழைச் சேர்த்து வேர்டை மூடித் திறங்கள்.

"கி", "கீ" ஆகியவற்றின் மேல் சுழியோ, "கூ" வின் கீழ்ப்பகுதியோ வெட்டுப்பட்டால் வரி இடைவெளி எக்ஸாக்ட்லியில் இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போதுமான உயரம் தமிழுக்குப் போதாது. சிங்கிளுக்கு மாற்றுங்கள்.

பட்டியல் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருந்தால் லேபிளில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வரும். பாமினி எழுத்துருவை அந்தப் புலத்துக்குக் கொடுத்தால் தமிழ் தெரியும், ஆனால் அதே புலத்தில் உள்ள ஆங்கிலச் சொற்கள் குழம்பும். பட்டியலை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குவதே என் பழக்கம்.

9. லிப்ரே ஆபிஸில் செய்பவர்களுக்கு

ஃபைல், நியூ, லேபிள்ஸ். ஃபார்மட் தாவலில் அதே எண்கள். பக்க அகலம், உயரம் இரண்டையும் 210, 297 என்று கொடுக்க மறக்க வேண்டாம். ஆப்ஷன்ஸ் தாவலில் சின்க்ரனைஸ் கன்டென்ட்ஸை டிக் செய்யுங்கள். அது இருந்தால் முதல் லேபிளைத் திருத்தி சின்க்ரனைஸ் பொத்தானை அழுத்தினால் மற்றவை மாறும். டிக் செய்யாமல் உருவாக்கிவிட்டால் 24-ஐயும் கையால் திருத்த வேண்டும். அதற்குப் புதிதாக உருவாக்குவது சீக்கிரம் முடியும்.

10. நிஜத் தாளை ஏற்றும்போது

லேசர் பிரிண்டரில் லேசர் லேபிள் தாள் மட்டும். உள்ளே மையைத் தாளில் பதிக்கும் உருளை மிகச் சூடானது. அதற்கென இல்லாத தாளில் பசை இளகும். பாதி லேபிள் உரித்த தாளை மறுபடி லேசரில் விடாதீர்கள். உரிந்த விளிம்பிலிருந்து அடுத்த லேபிள் கழன்று உருளையில் ஒட்டினால், தாள் மிச்சம் பிடித்த காசைவிட ரிப்பேர் செலவு பல மடங்கு. பிரிண்டரில் பேப்பர் டைப்பை லேபிள்ஸ் என்று வையுங்கள், ஒவ்வொரு தாளாக மேனுவல் ட்ரேயில் விடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர்க் காற்று தாளைச் சுருட்டிவிடும். சுருண்ட தாள் சாய்வாக இழுக்கப்படும், நீங்கள் டெம்ப்ளேட்டைச் சந்தேகிப்பீர்கள். பாக்கெட்டைப் பிரித்ததும் மீதித் தாளை உறைக்குள் போட்டு, மேலே கனமான புத்தகம் ஒன்றை வையுங்கள்.

சரியாக வந்த வெற்றுத் தாள் சோதனைப் பிரதியைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் ஆறு எண்களையும், பிரிண்டர் பெயரையும், எந்த ட்ரே, தாள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதையும் எழுதி அதே உறைக்குள் வையுங்கள். புதுப் பாக்கெட் வாங்கினால் முதல் தாளை இதோடு சேர்த்து விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு அச்சைத் தொடங்குங்கள்.